வாய் திறவாத மட்டி

மட்டியை வெந்நீரில் காட்டுவதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் தம் சந்தில் பெய்ஃபன் அம்மையாருக்குத்தான் வாய்த்திருந்தது என்பதை அவரைப் பிடிக்காதவர்கள்கூட மறுத்ததில்லை.

கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். மூங்கில் கூடையில் குவிந்திருக்கும் மட்டிகளின் மேல் அதை ஒரே வீச்சில் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, உடனே வடித்துவிட வேண்டும். ஓடு தானாகத் திறந்துகொண்டால் காரியம் கெட்டது என்று பொருள். சதை சுருங்கி, ரத்தம் வற்றி, பல்லுக்கு ரப்பராக இழுபடும். நல்ல கை பட்ட மட்டியோ வாயை மூடியபடியே தட்டுக்கு வரும். அதன் பின்புறக் கீலில் ஒரு நாணயத்தை நுழைத்துத் திருகினால் ஓடு விண்டு, சிவந்த நீர் விரல் வழியே வழியும். அதுதான் பதம். இதற்கென்றே பெய்ஃபன் அம்மையார் தேய்ந்துபோன ஐந்து ஃபென் நாணயம் ஒன்றை அடுப்பங்கரை ஜன்னல் சட்டத்தில் செருகி வைத்திருந்தார்.

1987ஆம் ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று அந்த நாணயத்தை எடுத்து, உப்பிட்டுத் தேய்த்து, புத்தம் புதியதுபோல் பளிச்சிட வைத்தார். மகன் வெய்லியாங் தான் மணக்க விரும்பிய யுன்ஷியாவை முதன்முறையாக வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தான். சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்குப் பெண்ணின் பெற்றோர் வடக்கே மலைநாட்டுத் தாய்யுவானிலிருந்து ஷாங்காய்க்கு வந்து பேச்சை முடிப்பார்கள். கணவரை இழந்தபின் ஒற்றை ஆளாக நின்று வளர்த்த பிள்ளை. இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டும் என்பதைத் தவிர அம்மையாருக்கு அந்தக் குளிர்காலத்தில் வேறு நினைப்பே இல்லை எனலாம்.

கீழ்த்தளத்துச் சமையலறை மூன்று குடும்பங்களுக்குப் பொது. பக்கத்து அடுப்பில் நின்றிருந்த ஜுவாங்குக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"என்ன பெய்ஃபன் அக்கா, மருமக வர்றாளாமே? கெட்டிலுக்கெல்லாம் குளியல் நடந்திருக்கு!"

"மருமக இன்னும் ஆகல. வந்து சாப்பிட்டுப் பார்த்துட்டு ஆகட்டும்."

"மலையூருக்காரி. மட்டியக் கல்லுன்னு நெனச்சு ஜன்னல் வழியா வீசிடப் போறா."

"உன் மட்டிய நானே கல்லுன்னுதான் நெனைப்பேன். இன்னுமா கொதிக்குது? சமைக்கிறியா, துணி வெளுக்கிறியா?"

ஜுவாங்கின் பாத்திரத்தில் மட்டிகள் அனைத்தும் வாயைப் பிளந்துகொண்டு நுரையில் மிதந்தன. அவள் சமைத்தால் அப்படித்தான். சந்தில் அதற்கு 'ஜுவாங் வீட்டுச் செருப்பு' என்று பெயரே இருந்தது.

"என்ன பண்றது? எம் பிள்ளைங்க ரத்தத்தைப் பார்த்தா தட்டைத் தள்ளிட்டு ஓடுதுங்க" என்றாள் அவள், அகப்பையால் கிளறியபடி. "உன் கை எனக்கு வருமா?"

"வராது" என்றார் பெய்ஃபன் அம்மையார் மிகுந்த அன்போடு.

அந்த ஆண்டு மட்டி மலிந்து கிடந்தது. தெருமுனையெங்கும் சேறு காயாத குவியல்கள். அதனால் அம்மையாரும் ஒரு கூடை வாங்கும் இடத்தில் இரண்டு கூடை வாங்கியிருந்தார்.

யுன்ஷியா தலை குனிந்து உள்ளே வந்தாள். கையில் தன் ஊர்க் கறுப்பு வினிகர் புட்டி ஒன்று.

"அத்தை, அப்பா குடுத்தனுப்பினாரு. பத்து வருஷம் பழசு."

"பார்த்தியாம்மா, பொண்ணு கேட்டா வினிகர் ஜாடி வருது!" என்று வெய்லியாங் கேலி செய்ய, அவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள். அம்மையாருக்கு அந்தக் கிள்ளல் பிடித்திருந்தது.

மட்டித் தட்டு மேசைக்கு வந்தது. வெய்லியாங் இரண்டு கைகளாலும் திறந்து திறந்து விழுங்கத் தொடங்கினான். யுன்ஷியா தன் கிண்ணத்தில் விழுந்த முதல் மட்டியைப் பார்த்தபடியே இருந்தாள். ஓட்டுக்குள் சிவப்பாக ஏதோ தேங்கி நின்றது.

"இது இன்னும் உயிரோட இருக்கற மாதிரியே இருக்கே..."

"உயிரோட இருந்தா இந்நேரம் உன்னைத் திட்டியிருக்கும்" என்றான் வெய்லியாங்.

"அத்தை தப்பா நெனைக்காதீங்க. ஒரே ஒரு கொதி விட்டுத் தரட்டுமா?"

கதவோரமாகப் போய்க்கொண்டிருந்த ஜுவாங் அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். "அடி சக்கை! எனக்கு ஒரு சிஷ்யை கெடைச்சுட்டா!"

பெய்ஃபன் அம்மையாரின் காது மடல் சூடேறியது. ஆயினும் குரலை இனிமையாகவே வைத்துக்கொண்டார். "கண்ணு, இதுல இஞ்சி இருக்கு, அரிசி மது இருக்கு. எந்தக் கிருமி இதுல பொழைச்சு நிக்கும்? கொதிச்ச தண்ணியில வேற குளிச்சு வந்திருக்கு. இந்தா, என் கையால திறந்தது. எனக்காக ஒண்ணு."

அவர் நீட்டியதை மறுப்பது முறையாகாது என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. வினிகர் புட்டியைத் திறந்து ஓடு நிரம்ப ஊற்றினாள். "எங்க ஊருல இதை ஊத்தினா விஷமே செத்துப்போகும்னு சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். ஒரு கணம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். வியப்போடு இன்னொன்றுக்குக் கிண்ணத்தை நீட்டினாள். அந்தக் கணத்தில் அம்மையாரின் மனத்தில் கல்யாணம் முடிந்தேவிட்டது. தட்டு காலியாகும்வரை அவர் திறந்து திறந்து கொடுத்தார். தாமும் இருவரையும்விட அதிகமாகவே சாப்பிட்டார்.

மிச்சமிருந்த கூடையையும் அன்றைக்கே வெந்நீரில் காட்டி, உப்பும் இஞ்சியும் சேர்த்து, அரிசி மது முழுக ஊற்றி ஒரு மண் ஜாடியில் அடைத்தார். வாயைத் தாமரை இலையால் கட்டி, வடக்கு ஜன்னலுக்கு வெளியே பனிக்காற்றில் வைத்தார். அது சம்பந்தி வீட்டாருக்கு. மதுவில் ஊற ஊறத்தான் ருசி ஏறும். குளிரில் இருந்தால் கெடவே கெடாது.

*

ஜனவரி பாதி கழிந்தபின் ஒருநாள் வெய்லியாங் ஆலையிலிருந்து காய்ச்சலோடு திரும்பினான். எண்ணெய் வாடை பட்டாலே குமட்டினான். இரண்டு நாள் கழித்து, முகம் கழுவப் போனவன் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா... கொஞ்சம் இங்க வாயேன். என் கண்ணைப் பாரு."

கண்ணின் வெள்ளை, முட்டையின் மஞ்சள் கருவைத் தடவியதுபோல் இருந்தது.

மருத்துவமனைக்குப் போனால் அங்கே கதவுக்கு வெளியே வரை மஞ்சள் கண்கள் நின்றிருந்தன. எல்லாம் இளவட்டங்கள். படுக்கை இல்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்தால் போடலாம் என்றார்கள். மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தைத் திறந்து நோயாளிகளை வரிசையாகக் கிடத்தினார்கள். வெய்லியாங்கின் மடக்குக் கட்டிலைச் சந்து வழியே தூக்கிச் சென்றபோது மறுமுனையைப் பிடித்தவள் ஜுவாங். பள்ளி வாசலில் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"அக்கா, மட்டிதான் காரணம்னு ஊரே சொல்லுது. விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க."

"ஊருக்கென்ன, வாய் சும்மா இருக்குமா? இங்க பாரு." அம்மையார் தம் கீழ்இமையை விரலால் இழுத்துக் காட்டினார். "வெள்ளையா இருக்கா இல்லையா? அன்னிக்கு எல்லாரையும்விட அதிகமா தின்னவ நான். மட்டியில விஷம்னா மொதல்ல எனக்குல்ல வந்திருக்கணும்? ஆலைச் சாப்பாட்டுக்கூடத்துல என்ன எழவைப் போட்டாங்களோ!"

ஜுவாங் அந்த இமையையே சற்று நேரம் பார்த்தாள். "அதென்னமோ எனக்குத் தெரியலக்கா. எம் பிள்ளைங்க நாலும் அன்னிக்கு மட்டி தின்னுச்சுங்க. செருப்புத்தான். நாலு பேர் கண்ணும் வெள்ளையா இருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு, போ" என்றார் அம்மையார், கட்டிலை வெடுக்கென்று தூக்கியபடி.

நான்கு நாள் கழித்து, யுன்ஷியா வேலை பார்த்த தொலைபேசி நிலையத்துத் தோழிகள் அவளையும் அதே கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். தந்தி போயிற்று. வசந்த விழாவுக்கு வர வேண்டிய பெற்றோர் அதற்கு முன்பாகவே அடித்துப் பிடித்து வந்து, ரயில் நிலையத்தின் அருகே ஒரு விடுதியில் தங்கினார்கள்.

பெய்ஃபன் அம்மையார் அவர்களைப் பார்க்கப் போனார். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த ஜாடியை எடுத்து, பனியைத் துடைத்து, சிவப்புத் துணியில் கட்டிக்கொண்டார்.

யுன்ஷியாவின் தாய் ஹாவ் அம்மாள், அழுது வீங்கிய முகத்தோடு இரு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "எதுக்கு சம்பந்தியம்மா இதெல்லாம்? உங்க பிள்ளையும் படுத்திருக்கான். உங்களுக்கே ஆயிரம் கவலை."

"உங்களுக்குன்னே போட்டு வச்சது. இப்ப இந்த ஊர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கடைசி ஜாடி."

"இந்தப் பொண்ணு என்னத்தைத் தின்னாளோ" என்றார் ஹாவ் பெரியவர், தரையைப் பார்த்தபடி. "வினிகர் குடுத்தனுப்பினேன், எதுலயும் ஊத்திக்கோன்னு."

அம்மையார் வாயைத் திறந்தார். பிறகு, "வேலை செய்யுற இடத்துச் சாப்பாடுதான். வேற என்ன?" என்று சொல்லி எழுந்துகொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவர் கண்தான் வெள்ளையாக இருக்கிறதே.

*

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றிருந்தவரை ஒரு பெண் மருத்துவர் நிறுத்தினார். தூக்கமில்லாமல் குரல் கம்மியிருந்தது.

"நீங்க அந்த வரிசையில படுத்திருக்கற பையனோட அம்மாவா? இந்தக் கட்டில்ல இருக்கற பொண்ணும் உங்க வீட்டுலதான் சாப்பிட்டுச்சாமே. மட்டி?"

அம்மையார் நிமிர்ந்தார். இதற்காகவே காத்திருந்தவர்போல் கீழ்இமையை இழுத்துக் காட்டினார். "நானும்தான் சாப்பிட்டேன் டாக்டரம்மா. ரெண்டு பேர் பங்கு. எனக்கு ஒண்ணுமில்லையே?"

மருத்துவர் அந்தக் கண்ணைப் பார்க்கக்கூட இல்லை. "சின்ன வயசுல உங்களுக்குக் காமாலை வந்திருக்கா?"

எதிர்பாராத கேள்வி. அம்மையார் யோசித்தார். ஆறோ ஏழோ வயது. சந்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்றாக வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து 'உதிர்ந்த இலை, உதிர்ந்த இலை' என்று கூவிச் சிரித்துக்கொண்டு ஓடியது நினைவுக்கு வந்தது.

"வந்துச்சு. அந்தக் காலத்துல எல்லாருக்கும்தான் வந்துச்சு."

"அதான். ஒருதரம் வந்தா ஆயுசுக்கும் திரும்ப வராது. உங்க வயசுக்காரங்க முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் தப்பிச்சிருக்காங்க. நீங்க தப்பிச்சதுக்கு உங்க ரத்தம் காரணம்மா. மட்டி இல்ல."

அம்மையார் கஞ்சிப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான்... நான் கொதிக்கிற தண்ணி ஊத்தினேனே."

"ஊத்தி உடனே வடிச்சீங்க இல்ல? ஓடு மூடியே இருந்துச்சு இல்ல?"

"ஆமா. திறந்துட்டா கெட்டுப்போச்சுன்னு..."

"திறந்து, அதுக்கப்புறமும் நல்லாக் கொதிக்கணும்மா. சதையோட நடுவரைக்கும் சூடு போகணும். ஆத்துல கலக்குற சாக்கடையைக் குடிச்சு வடிகட்டி வயித்துக்குள்ளயே சேர்த்து வச்சுக்குற ஜீவன் அது. கிருமி உள்ள இருக்கு, நீங்க வெளிய தண்ணி விட்டிருக்கீங்க. அதை வேக வைக்கல, குளிப்பாட்டியிருக்கீங்க."

'கொதிச்ச தண்ணியில குளிச்சு வந்திருக்கு' என்று அன்றைக்குத் தாமே பெருமையோடு சொன்னது அம்மையாரின் செவியில் அறைந்தது.

"இஞ்சி போட்டேன். அந்தப் பொண்ணு வினிகர்கூட ஊத்திக்கிச்சு."

"அதெல்லாம் நாக்குக்கு."

அப்போதுதான் அவர் கேட்டார். "மதுவுல ஊற வச்சா? ஒரு மாசம்? பனியில?"

மருத்துவரின் முகம் மாறியது. "மது அதை ஒண்ணும் பண்ணாது. பனி அதைக் கொல்லாதுங்கறது மட்டும் இல்லம்மா, கெடாமப் பத்திரமா வச்சிருக்கும். யாராவது சாப்பிட்டாங்களா? சாப்பிட்டுக் கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னா ஊசி ஒண்ணு இருக்கு, தடுக்கலாம். தட்டுப்பாடுதான், ஆனா நான் பார்க்குறேன். யாரும்மா?"

பாத்திரம் தரையில் விழுந்து கஞ்சி வழிந்தோடியது. கட்டிலில் படுத்திருந்த யுன்ஷியா மஞ்சள் கண்களைத் திறந்து, "அத்தை?" என்றாள். அத்தை அங்கே இல்லை.

*

பேருந்தில் நிற்க இடமில்லை. முந்தைய நாள் துடைத்த பனி ஜாடியின் கழுத்தில் எப்படி மின்னியது என்பதும், ஹாவ் அம்மாள் இரு கைகளால் அதை எப்படி வாங்கினாள் என்பதும் மாறி மாறிக் கண்முன் வந்தன. மலையூர் மனிதர்கள். சின்ன வயதில் அவர்களுக்குக் காமாலை வந்திருக்குமா? வரவில்லையென்றால்? தாயும் தகப்பனும் மகளுக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுக்க வேண்டியதுதானா? கடைசி ஜாடி என்று சொன்னாரே. சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது என்றாரே. தம் கையாலேயே நஞ்சைச் சிவப்புத் துணியில் முடிந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

விடுதி அறைக் கதவைத் தட்டவும் மறந்து உள்ளே பாய்ந்தார். ஹாவ் தம்பதி தேநீர் குடித்துக்கொண்டிருந்தனர். ஜாடி மேசைமேல் இருந்தது. வாய் கட்டியிருந்த தாமரை இலையைக் காணோம்.

"சாப்பிட்டீங்களா? இதைச் சாப்பிட்டுட்டீங்களா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாவ் அம்மாளின் முகம் குற்றம் செய்தவளுடையதுபோல் சிவந்தது.

"சம்பந்தியம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. சாப்பிட்டோம். ஆனா..."

அம்மையார் கதவு நிலையைப் பற்றிக்கொண்டார்.

"நீயே சொல்லிடு, மறைக்காத" என்றார் பெரியவர்.

"எங்களுக்கு இதை எப்படித் தின்னணும்னு தெரியல. ஒண்ணைத் திறந்தோமா, ரத்தம். இவரு பயந்துட்டாரு. வாங்கினதை வீசவும் மனசு வரல. கீழ சமையக்கட்டுல குடுத்து, எல்லாத்தையும் நூடுல்ஸ் தண்ணியில போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடச் சொன்னோம். அவ்வளவு ருசியான பண்டத்தை நாசம் பண்ணிட்டோம். செருப்பு மாதிரி ஆகிடுச்சு."

"ஆனா முழுசும் தின்னோம்!" என்றார் பெரியவர் அவசரமாக. "ஒண்ணுகூட மிச்சம் வைக்கல."

செருப்பு. அந்தச் சொல்லை அவ்வளவு இனிமையானதாக அம்மையார் அதற்கு முன் கேட்டதில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல இயலாத ஏதோ ஒன்று அவரிடமிருந்து புறப்பட்டது. ஹாவ் அம்மாள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையை. ஒரு கொதி விட்டுத் தரட்டுமா என்று அவர்கள் மகள் கேட்டதை. எனக்காக ஒன்று என்று தாம் நீட்டியதை.

ஹாவ் அம்மாளின் கை அவர் பிடியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே விடுதிச் சமையல்காரி வந்து நின்றாள். முப்பதைத் தாண்டாத, நல்ல சதைப்பிடிப்பான ஷாங்காய்ப் பெண்.

"ஜாடிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். மன்னிச்சுக்குங்க, யாரோ வந்திருக்காங்க போல." அவள் பார்வை தரையில் இருந்தவர்மேல் பதிந்தது. "அய்யோ, நீங்கதான் இதைப் போட்டவங்களா பெரியம்மா?"

பெய்ஃபன் அம்மையார் தலையசைத்தார்.

"அடடா, அந்தக் கையைக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்! எங்க அம்மாவுக்குக்கூட இப்படிப் பதம் வராது. ஒரு ஓடாவது திறந்திருக்கணுமே! அரை மணி நேரம் கொதிக்க விடுன்னு இவங்க சொன்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. பாவம், வெளியூர்க்காரங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? பாத்திரத்துல போடுறதுக்கு முன்னாடி ஒரு கை அள்ளி எடுத்து வச்சுக்கிட்டேன்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மட்டி ஆகாதுன்னுதான் சொல்லிக்கிறாங்க. ஆனா மதுவுல ஊறினதுக்கு என்ன வரப்போகுது? ரத்தம் விரலெல்லாம் வழியுது, அப்படியே உறிஞ்சினேன். அமிர்தம்!"

இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் கெட்டிலைத் தூக்கியிருந்தார்.

அம்மையார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குச் சின்ன வயசுல காமாலை வந்திருக்கா கண்ணு?"

"எனக்கா? எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல பெரியம்மா. குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன். ஏன் கேக்கறீங்க?"

ஹாவ் அம்மாளின் கையிலிருந்த தேநீர்க் குவளை தட்டின்மேல் சத்தத்தோடு இறங்கியது.

பெய்ஃபன் அம்மையார் எழுந்தார். சமையல்காரியின் மணிக்கட்டைப் பற்றினார். மட்டியைத் திருகித் திறக்கும் அந்தப் பழகிய விரல்களின் இறுக்கத்தில் அவள் முகத்துச் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"கோட்டை எடுத்துக்க. என்கூட ஒரு டாக்டரைப் பார்க்க வரணும். இப்பவே."

"எதுக்கு? அடுப்புல வேலை கெடக்கு..."

"வழியில சொல்றேன்."

"பெரியம்மா, பயமுறுத்தாதீங்க. நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல" என்றார் அவர். "நான் பண்ணினேன்."

அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கியபோது பின்னாலும் காலடியோசை கேட்டது. ஹாவ் அம்மாள் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவள் பெய்ஃபன் அம்மையாரின் முகத்தைப் பார்க்கவில்லை. சமையல்காரியின் மற்றொரு கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். மூவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.